“ஒருக்காப் பார்த்துத் தாங்கோ”

(நூற்றாண்டு ஆண்டின் தொடக்கமாக நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டிலிருந்து செய்யக்கூடிய ஒரு தொழிலைப் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டிருந்தது. எங்கள் தொழில் நூல் செம்மையாக்கம். மற்றவர்கள் எழுதிய நூல்களை அச்சுக்குப் போகுமுன் வாசித்து, எழுதியவரோடு கதைத்து, திருத்திச் சீராக்கிக் கொடுக்கிறோம். மூன்று பேர் சேர்ந்து செய்கிறோம். மூவரும் வெவ்வேறு காலத்தில் இந்தப் பாடசாலையில் படித்தவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. ஒருவர் வவுனியாவில் அச்சகமொன்றில் பக்கம் வடிவமைத்தவர். மற்றவர் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்று, அரச நியமனத்துக்குக் காத்திருந்து களைத்தவர். ஆகவே இந்த உரையில் “நாங்கள்” என்றே வரும். மேடையில் நிற்பது ஒருவர்தான். மற்ற இருவரும் இந்தத் தாளில் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருக்கிறார்கள் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

இந்த வேலைக்கு ஊரில் நெடுங்காலமாக ஒரு பெயர் உண்டு. “ரீச்சர், இதை ஒருக்காப் பார்த்துத் தாங்கோ” என்பதுதான் அது. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலைச் சஞ்சிகை, அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலர், ஓய்வுபெற்ற ஒருவரின் வாழ்க்கைக் கதை எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தோடுதான் தமிழ் ரீச்சர்மாரின் வீட்டுப் படலையைத் திறந்து வந்தன. வன்னியில் மின்சாரம் இல்லாத காலத்தில் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் இருந்து அவற்றைப் பார்த்துக் கொடுத்தார்கள். கூலியை ஒருவரும் கேட்கவும் இல்லை, ஒருவரும் கொடுக்கவும் இல்லை. கடைசிப் பக்கத்து நன்றியுரையில் பெயர் வந்தால் அதுவே பெரிய காரியம். அந்தப் பெயரிலும் ஓர் எழுத்து மாறித்தான் இருக்கும்.

இது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. தமிழ்ப் பதிப்புத் தொழிலின் தொடக்கமே இப்படித்தான். நல்லூர் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலும் பின்னர் சென்னையிலும் அச்சுக்கூடம் வைத்துப் பழைய நூல்களைப் பரிசோதித்து வெளியிட்டார். பரிசோதித்தல் என்றுதான் அக்காலத்தில் எழுதினார்கள், அது மிகப் பொருத்தமான சொல். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். பூச்சி அரித்த ஏட்டில் ஓர் எழுத்தைத் தீர்மானிக்க எவ்வளவு பொறுமை வேண்டுமென்று யோசித்துப் பாருங்கள். வன்னியின் பழங்கதையைச் சொல்லும் வையாபாடலும் அப்படிப் பாடம் ஒப்பிட்டவர்களால்தான் நமது கைக்கு வந்தது. 1980 இல் க. செ. நடராசா அதைப் பதிப்பித்தார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாமோதரம்பிள்ளைக்கு உத்தியோகச் சம்பளம் இருந்தது. நாவலருக்கு அவரது கல்விப் பணிக்குக் கொடை கொடுத்த சமூகம் இருந்தது. திருத்துகிற வேலை அவர்களுக்குத் தொண்டு. அந்தத் தொண்டின் பெருமையை நாம் இன்றும் பேசுகிறோம். சம்பளம் இல்லாத ஒரு பெண் அதே வேலையைச் செய்யும்போதும் அந்தப் பெருமையையே கூலியாகக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

பெண்கள் இந்த வேலையில் இருந்ததும் புதிதல்ல. ஈழத்துத் தமிழ்ப் பெண்களின் கவிதைகளை முதன்முதலாக ஒன்றாகத் திரட்டிய “சொல்லாத சேதிகள்” 1986 இல் வெளிவந்தது. அதைத் தொகுத்தவர் சித்திரலேகா மௌனகுரு. எதை எடுப்பது, எதை விடுவது, எந்த ஒழுங்கில் வைப்பது என்பதும் செம்மையாக்கத்தின் பகுதியே.

வன்னியில் இந்த வேலைக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். 2010 இல் இருந்து மக்கள் ஊருக்குத் திரும்பினார்கள். வீடு கட்டி, கிணறு இறைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிய பிறகு பலர் எழுதத் தொடங்கினார்கள். ஓய்வுபெற்ற தபாலதிபர் தன் கிராமத்தின் வரலாற்றை எழுதுகிறார். ஒரு தாய் மகனைப் பற்றி மூன்று கொப்பி நிறைய எழுதி வைத்திருக்கிறார். காணிப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் படங்களும் போன இடத்தில் இந்தப் புத்தகங்களே பதிவேடாகின்றன. சென்னையில் வரும் ஒரு நாவலில் பெயர் பிழைத்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். இங்கே 300 பிரதி அச்சடித்த ஊர்ப் புத்தகத்துக்குப் பெரும்பாலும் அடுத்த பதிப்பு இல்லை. அதில் இறந்த ஒருவரின் பெயரோ நாளோ பிழைத்தால், பிழைத்ததே நிலைத்துவிடும்.

ஆகையால் நாங்கள் செய்யும் வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுகிறோம். பலர் நினைப்பதுபோல் இது எழுத்துப்பிழை பார்ப்பதோடு முடிவதில்லை. முதலில் முழு நூலையும் பேனையைத் தொடாமல் வாசிக்கிறோம். கதை எங்கே தொடங்க வேண்டும், எந்த அத்தியாயம் இரண்டு தரம் சொல்லப்பட்டிருக்கிறது, வாசிப்பவர் எங்கே வழி தவறுவார் என்று எழுதியவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறோம். அவர் உடன்பட்ட பிறகுதான் வாக்கியங்களுக்குப் போகிறோம். மெய்ப்புப் பார்ப்பது கடைசி. அது பக்கம் அமைத்து முடிந்த பின், அச்சுக்குப் போகுமுன் நடப்பது. அச்சகத்துக்குக் கொடுக்கும் முதல் நாள் இரவு கோப்பை அனுப்பி “ஒருக்காப் பார்த்துத் தாங்கோ” என்பவர்கள் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள், விடியமுன் வேண்டும் என்றும் கேட்கிறார்கள்.

இந்த வேலையின் பெரும்பகுதி கேள்வி கேட்பது. உதாரணத்துக்கு, சுனாமி வந்த காலையில் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்று ஒருவர் எழுதியிருந்தால், 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா நாள், விடுமுறைக் காலம். அந்த வரியை நாங்கள் வெட்டுவதில்லை. ஓரத்தில் “அன்று ஞாயிறு. ரியூசன் வகுப்பா, தேவாலயமா?” என்று குறிக்கிறோம். எழுதியவருக்கு அப்போது இன்னும் நாலு விடயம் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறிய 1995 ஒக்ரோபர் 30 ஐப் பலர் வெவ்வேறு கிழமையில் எழுதுகிறார்கள். அது திங்கட்கிழமை. பழைய கலண்டரை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு நிமிட வேலை. ஊர்ப்பெயர் இன்னொரு தொல்லை. முறிகண்டி என்றும் முறுகண்டி என்றும் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் வாதாட ஆட்கள் உண்டு. எது சரி என்று சண்டை பிடிப்பது எங்கள் வேலை இல்லை. ஒரு நூலுக்குள் ஒரே விதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சொற்பட்டியல் எழுதி வைக்கிறோம். ஒக்ரோபரா அக்டோபரா, ரொறன்ரோவா டொரண்டோவா, எல்லாம் அதில் இருக்கும்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் அச்சிடக் கொடுத்த எங்கள் ஊர் நூல்கள் சில, திரும்பி வரும்போது வேறு ஊர் நூல்களாக வந்ததைக் கண்டிருக்கிறோம். குளம் ஏரியாகியிருந்தது. தறப்பாள் தார்ப்பாயாகியிருந்தது. திருத்தியவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் குளம் என்றால் கோயில் முன்னால் படிக்கட்டோடு இருக்கும் தெப்பக்குளம். இரணைமடுக் குளத்தை அவர் கண்டதில்லை. காலபோகம், சிறுபோகம், கடற்கரை வாடி, கரைவலை என்பவற்றுக்கு அவர் எங்கே போவார்? இந்தச் சொற்களைத் தெரிந்த ஒருவர் இந்த மண்ணிலிருந்து திருத்த வேண்டியிருக்கிறது. 1974 இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் எழுத்தாளரோடு அமர்ந்து வரிவரியாகச் செம்மை செய்தவர் என்று பெயர் பெற்றவர். அவர் வெளியிட்ட தற்காலத் தமிழ் அகராதியின் 2008 ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கைத் தமிழ் வழக்குகளுக்கும் இடம் கிடைத்தது. எங்கள் மேசையில் அது எப்போதும் இருக்கிறது. எம். ஏ. நுஃமானின் “அடிப்படைத் தமிழ் இலக்கணம்” (1999) பக்கத்தில் இருக்கிறது. தொழிலைப் பழக விரும்பும் தங்கச்சிமார் முதலில் வாங்க வேண்டியவை இந்த இரண்டும். கணினி பிறகு.

கணினி என்றதும் பாமினி நினைவுக்கு வருகிறது. எங்களுக்கு வரும் கோப்புகளில் பாமினி எழுத்துருவில் அடித்தவை இன்றும் உண்டு. கைப்பேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிகோட்டுக்கு மாற்றும் வசதிகள் இருக்கின்றன, ஆனால் மாற்றியதை அப்படியே நம்பக் கூடாது. இடையில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரி அர்த்தமில்லாத தமிழாகிவிடும். “கௌரி” என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் வந்து உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். தேடினால் அகப்படாது. நூலகம் இணையத்தளத்தில் 2005 இலிருந்து நமது நூல்கள் சேர்க்கப்படுகின்றன, நூலகர் என். செல்வராஜா “நூல் தேட்டம்” தொகுதி ஒவ்வொன்றிலும் ஆயிரம் ஈழத்து நூல்களைப் பதிந்து வைக்கிறார். அங்கெல்லாம் ஒரு கௌரியைத் தேடுபவருக்குக் கௌரி கிடைக்க வேண்டும். இப்போது பெரியவர்கள் கைப்பேசிக்குச் சொல்லச் சொல்ல அது எழுதுகிறது. நல்ல வசதி. ஆனால் நமது பேச்சு அதற்கு முழுதாக விளங்குவதில்லை, ஊர்ப்பெயர்களில் அது செய்யும் கூத்தைச் சொல்லி முடியாது.

இனிக் காசு. இதற்காகத்தான் பாதிப் பேர் இருந்து கேட்கிறீர்கள் என்று தெரியும்.

ஒரு நூலுக்கு எவ்வளவு கேட்பது என்று முதலில் எங்களுக்கும் தெரியவில்லை, கேட்கும்போது குரலும் எழும்பவில்லை. பிறகு ஒரு முறையைப் பிடித்தோம். வந்த நூலின் நடுவிலிருந்து பத்துப் பக்கத்தை எடுத்து மணிக்கூட்டை வைத்துத் திருத்திப் பார்ப்போம். பக்கம் என்றால் 250 சொல். எழுத்தைச் சிறிதாக்கி 200 பக்கத்தை 120 ஆக்கி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்லை எண்ணுகிறோம். பக்கத்துக்கு 12 நிமிடம் பிடித்தால் 200 பக்கத்துக்கு 40 மணித்தியாலம். எழுதியவரின் பதில்கள் வந்த பின் இரண்டாம் வாசிப்புக்குப் பக்கத்துக்கு 5 நிமிடம், மெய்ப்புக்கு 4 நிமிடம். மொத்தம் 70 மணித்தியாலம். ஒரு நாளில் 6 மணித்தியாலத்துக்கு மேல் கண் விடாது. ஆக, ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் வேலை. ஒரு நாளுக்கு எவ்வளவு? கிளிநொச்சியில் மேசன்மார் வாங்கும் நாட்கூலிக்குக் குறையக் கூடாது என்பது எங்கள் கணக்கு. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். வீட்டுச் சுவர் கோணினால் மேசனைக் கூப்பிட்டுக் காசு கொடுக்கும் நாம், புத்தகம் கோணினால் ரீச்சரைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்கிறோம்.

“என்னட்டை அவ்வளவு வசதி இல்லைப் பிள்ளை” என்று சொல்பவர்கள் இரண்டு வகை. உண்மையிலேயே இல்லாதவர்களுக்கு வேலையைக் குறைத்துச் செய்கிறோம். ஒரு வாசிப்பு, பெயரும் நாளும் மட்டும் சரிபார்ப்பது. ஆண்டுக்கு இரண்டு நூலை இலவசமாகவே செய்கிறோம். அது எவை என்பதை நாங்கள் தீர்மானிக்கிறோம். மற்ற வகையினர் மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பொன்னாடைக்கும் சிற்றுண்டிக்கும் காசு ஒதுக்கிவிட்டு, முதற்பிரதி யாருக்கு, சிறப்புப் பிரதி யாருக்கு என்று பட்டியலும் போட்டுவிட்டு எங்களிடம் வருபவர்கள். அவர்களுக்கு நாங்கள் விலை குறைப்பதில்லை.

கூலியை மூன்றாகப் பிரித்து வாங்குகிறோம். தொடங்கும்போது ஒரு பங்கு, திருத்திய பிரதியை அனுப்பும்போது ஒரு பங்கு, மெய்ப்பு முடியும்போது ஒரு பங்கு. என்ன செய்வோம், எத்தனை வாசிப்பு, எப்போது தருவோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையொப்பம் வைக்கிறோம். இந்தக் கடதாசி வந்ததற்கு ஒரு கதை உண்டு. ஓர் அச்சகத்துக்கு மூன்றாம் மெய்ப்பைத் திருத்திக் கொடுத்தோம். அவர்கள் இரண்டாம் மெய்ப்புக் கோப்பை அடித்துவிட்டார்கள். வெளியீட்டு விழாவில் மதிப்புரை செய்தவர் மேடையில் நின்று பிழைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். சபை எங்களைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் பிரதியில் ஒவ்வொரு திருத்தமும் திகதியோடு இருந்தது, ஆனால் அதை அந்த மண்டபத்தில் யாருக்குக் காட்டுவது? அன்று முதல் கோப்பின் பெயரிலேயே திகதி இருக்கும். “இதை அச்சுக்குக் கொடுக்கலாம்” என்று எழுதியவரின் கையொப்பம் இல்லாமல் ஒரு பக்கமும் அச்சகத்துக்குப் போகாது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரையும் பதிந்துகொண்டோம். பற்றுச்சீட்டு எழுதிக் கொடுக்கத் தொடங்கியதும் பேரம் பேசுவது பாதியாகக் குறைந்தது என்பது எங்களுக்கே ஆச்சரியம்.

வேலை எங்கிருந்து வருகிறது? முதல் இரண்டு வருடம் நினைவு மலர்களும் பாடசாலை மலர்களும்தான். வருமானம் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் ரியூசன் கொடுத்தார், ஒருவர் தைத்தார். பிறகு வெளிநாட்டில் இருக்கும் நமது ஆட்களின் நூல்கள் வரத் தொடங்கின. அவர்கள் காசு கொடுப்பதில் பொதுவாக நேர்மையானவர்கள். ஆனால் ரொறன்ரோவில் அவர்கள் வேலை முடித்து வந்து தொலைபேசி எடுக்கும்போது இங்கே விடியற்காலை. கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். உயர்கல்வி மாணவர்களின் ஆய்வேடுகளும் வருகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன, வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஆய்வேட்டில் மொழியை மட்டும் தொடுவோம், அதுவும் மேற்பார்வையாளரின் எழுத்து மூல சம்மதத்தோடு. எழுதித் தரச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு, கூடுதல் காசும் தருவார்கள். அந்தக் காசு எங்களுக்கு வேண்டாம்.

நூல் எழுதுபவர்கள் எங்களிடம் கேட்கும் இன்னொன்று, சர்வதேசத் தர நூல் எண். அதைக் கொழும்பு 07 இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை கொடுக்கிறது. 978 இற்குப் பிறகு 955 அல்லது 624 வந்தால் இலங்கை நூல். அச்சுக்குப் போகுமுன் விண்ணப்பிக்க வேண்டும், விழா அழைப்பிதழ் அடித்த பிறகு அல்ல. விண்ணப்பத்தை நாங்களே நிரப்பிக் கொடுக்கிறோம். அதுவும் கூலிக்குள் அடக்கம்.

ஒரு விடயத்தில் மட்டும் நாங்கள் கடுமையானவர்கள். வந்த கையெழுத்துப் பிரதியை எவருக்கும் காட்டுவதில்லை, வட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தைக்கூடப் பகிர்வதில்லை. இங்கே எழுதப்படும் பலவற்றில் உயிரோடு இருப்பவர்களின் பெயர், இருக்கும் இடம், காணாமற்போனவரின் கதை எல்லாம் இருக்கும். இந்தப் பெயர் வெளியே வரலாமா, அவரிடம் கேட்டீர்களா என்று எழுதியவரிடம் கேட்பது இலக்கணம் பார்ப்பதற்கு முந்திய வேலை. துயரத்தை எழுதிய பக்கங்களில் வாக்கியம் தடுமாறினால், எல்லாத் தடுமாற்றத்தையும் நேராக்குவதும் இல்லை. அந்தத் தாய் மூன்று கொப்பியில் எழுதியிருந்தாரே, அதில் ஒரே வாக்கியம் ஏழு இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. ஐந்தை எடுக்கலாமா என்று கேட்டோம். ஒன்றையும் எடுக்க வேண்டாம் என்றார். ஏழும் இருக்கின்றன.

வீட்டில் இருந்து செய்வதால் “சும்மாதானே இருக்கிறா” என்று சொல்லுவார்கள். அதற்கு நாங்கள் கண்ட மருந்து, காலை ஒன்பது மணிக்கு மேசையில் இருப்பதும் கதவில் நேரத்தை எழுதி ஒட்டுவதும். உறவினருக்கு ஒரு மாதம் கோபம் இருந்தது. பிறகு பழகிவிட்டார்கள்.

இனி நமது பாடசாலை விடயம். இடப்பெயர்வுகளில் சேர்வு இடாப்புகள் போய்விட்டபடியால், நூற்றாண்டு மலருக்கான மாணவிகள் பட்டியலைப் பலரின் நினைவிலிருந்தே எழுதியிருக்கிறோம். அதன் முதல் மெய்ப்பு வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது, பேனையும் இருக்கிறது. உங்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், உங்கள் வகுப்பில் இருந்து இன்று வர முடியாதவர்களின் பெயரையும், இல்லாமற் போனவர்களின் பெயரையும் பாருங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து, திருமணத்துக்கு முந்திய பெயர், படித்த ஆண்டு மூன்றும் வேண்டும். நினைவில்லாததை ஊகித்து எழுத வேண்டாம், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள், நாங்கள் தேடுகிறோம். இரண்டாம் மெய்ப்பு அடுத்த மாதம் வரும்.

இந்த மலரைத் திருத்தும் வேலைக்குச் சங்கம் எங்களோடு ஒரு பக்க உடன்படிக்கையில் கையொப்பம் வைத்திருக்கிறது. படித்த பாடசாலை என்பதால் பாதிக் கூலி. முதற் பங்கு கிடைத்துவிட்டது. சங்கத்தின் வருடாந்தக் கணக்கறிக்கையில் அச்சுச் செலவுக்கும் மண்டப அலங்காரத்துக்கும் இடையில் அது தனி வரியாக இருக்கும்.